நான்காம் வருட ஃபைனலில் நீ தூக்கிய விரல்

இன்று காலை பனச்சமூட்டு கிரவுண்டில் பிட்சுக்கான கயிற்றுப்பாயை விரித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாம் செய்த மாதிரியேதான். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்து, ஆணி அடித்து, குடம் குடமாக ஊற்றி, மேலே ஏறி மிதித்தார்கள். நனைந்த கயிற்றின் அந்தப் புளித்த வாடை வந்தது. வெயில் என்று சொல்லி பந்தலில் போய் உட்கார்ந்துகொண்டேன். வெயிலே இல்லை. காலை ஏழரை மணி.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. நம் கிரிக்கெட் டூர்ணமெண்டுக்கு இது முப்பத்தாறாவது வருடம். தொடக்க விழாவில் அதன் சரித்திரத்தைப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் என்னை அழைத்திருந்தார்கள். என்னை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும். நான் ஆதாரம் எழுதுகிறவன். பத்திரத்துக்கு நம் பக்கத்தில் அதுதானே பேர். வடக்கே இன்னாருடைய ரப்பர் தோட்டம், கிழக்கே ஓடை, மேற்கே பொதுவழி என்று நெய்யாற்றின்கரையில் உட்கார்ந்து முப்பது வருடமாக எழுதுகிறேன். ஒரு சென்ட் நிலம் கூட என் எழுத்தில் கூடியதோ குறைந்ததோ இல்லை என்று பேர் வாங்கியிருக்கிறேன். "அண்ணன் எழுதினா தப்பு வராது" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உன் முகம் வரும். வராமல் எப்படி இருக்கும்?

டூர்ணமெண்ட் எப்படித் தொடங்கியது என்று நீ சொன்னால்தான் நன்றாக இருக்கும். நான் சொன்னால் ஆதாரம் வாசிப்பது மாதிரி ஆகிவிடும். இருந்தாலும் சொல்கிறேன். அன்று கேரளத்தில் ஹர்த்தால். பஸ் இல்லை, கடை இல்லை, சந்தை மைதானம் காலியாகக் கிடந்தது. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் எல்லாம் திறந்திருந்தும், அங்கே இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க இங்கே நடந்து வந்தார்கள். நாம் ஆடிக்கொண்டிருந்தோம். "எங்களயும் சேப்பியளா?" என்று கேட்டான் ஒருவன். நீதான் சொன்னாய்: "எதுக்கு சேக்கது? எதிர்த்து ஆடுங்க. அதாக்கும் ரசம்." மதியம் தொடங்கி பந்து தெரியாமல் போகும்வரை ஆடினோம். அடுத்த ஹர்த்தாலுக்கு மூன்று டீம் வந்தது. அதற்கடுத்த வருடம் ஹர்த்தாலுக்குக் காத்திருக்காமல் நாமே நாள் குறித்தோம். கோப்பையோடு ஒரு ஏத்தன் வாழைக்குலையும் பரிசு. கோப்பையை விடக் குலைக்குத்தான் அடிதடி.

கிரவுண்டின் ஒரு மூலை தமிழ்நாட்டில் இருந்தது. அந்தப் பக்கம் தூக்கி அடித்தால் பந்து மரச்சீனிக் கிழங்கு நட்ட விளையில் விழும், தேடி எடுக்க அரைமணி ஆகும். அதனால் வேறு மாநிலத்துக்கு அடித்தால் இரண்டு ரன்தான், எவ்வளவு தூரம் போனாலும். வெளியூர்க்காரர்கள் இந்தச் சட்டத்தைக் கேட்டுவிட்டு நம்மைப் பைத்தியக்காரர்கள் என்றார்கள். நமக்கு அது கௌரவமாக இருந்தது.

இன்னொரு சட்டமும் இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பேட்டிங் செய்கிற டீம்தான் அம்பயரும் தர வேண்டும். வெளியிலிருந்து ஆள் கொண்டுவர யாருக்கு முடியும்? அவுட்டாகி வருகிறவன் பேடைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஒற்றை வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நிற்பான். ஒரு கம்பவுண்டர் கொடுத்த பழைய கோட்டு அது, பொத்தானே கிடையாது. ஆனால் அதைப் போட்டவன் தன் ஆளுக்கு விரல் தூக்க மாட்டான். ஸ்டம்ப் பறந்தால் அவுட். ஊரே பார்க்கிற கேட்ச் என்றால் அவுட். பேட்டில் உரசி கீப்பரிடம் போனதெல்லாம் கணக்கிலேயே இல்லை. எல்லா டீமும் அப்படித்தான். எதிரணியும் அதற்கெல்லாம் தொண்டையைச் செலவழிக்காது. இதைக் களவு என்று நாம் யாரும் நினைத்ததே இல்லை.

அந்த நான்காம் வருட ஃபைனலில், எல்லைக்கு அந்தப் பக்கத்து டீமோடு ஆடினோம். காலையில் அவர்கள் பேட்டிங் செய்தபோது நம் பந்தில் இரண்டு பேருக்குத் தெளிவாக உரசியது. அவர்களுடைய அம்பயர் வானத்தில் பருந்து பார்த்துக்கொண்டு நின்றான். நாமும் விட்டுவிட்டோம், மதியம் நமக்கும் அது உதவுமே. மதியம் ஒன்பது விக்கெட் போய்விட்டது. ஜெயிக்க மூன்று ரன். நான் மட்டையோடு நிற்கிறேன். முதல் ஓவரிலேயே அவுட்டான நீ கோட்டைப் போட்டுக்கொண்டு பௌலர் பக்கம் நிற்கிறாய். பந்து போடுகிறவன் மணியன், உன் தங்கையின் புருஷன், உன் அளியன்.

பந்து பாயில் குத்தி எழும்பியது. வெட்டி ஆடப் போனேன். உரசியது. இதை நான் இப்போது சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்: உரசியது. கார்க் பந்து, விறைத்த கைப்பிடி, முழங்கை வரைக்கும் தெரிந்தது. கீப்பர் பிடித்தான். மணியன் பாதி வாயைத் திறந்து "ஹவ்" என்றவன், நம் வழக்கம் நினைவுக்கு வந்து, திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டான். அப்போதுதான் நீ விரலைத் தூக்கினாய்.

மணியனே நம்பவில்லை. அப்புறம் அவர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள், நம்மவர்களும் ஓடிவந்தார்கள். நம் கேப்டன் சசி அண்ணன் உன் கோட்டைக் கொத்தாகப் பிடித்தார். "எலே, அளியனுக்காக்கும் நீ விரல் தூக்கினது?" என்று கேட்டார். நீ அவர் கையைத் தட்டிவிடவில்லை. "கேட்டுது அண்ணே. சத்தம் கேட்டுது. கை தன்னால பொங்கிட்டு. நான் என்ன செய்ய?" என்றாய்.

சசி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மக்கா. பட்டுதா இல்லியா?"

நீயும் என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் பயமே இல்லை. நான் உண்மையைச் சொல்வேன் என்ற நிச்சயம்தான் இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், உன் வீட்டுப் பலாவின் சக்கைப்பழத்தில் பாதி என் வயிற்றில். உனக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

"இல்லண்ணே. துடையில பட்டுது," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மூன்று சொல். பட்டது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். தோற்றிருப்போம், குலை போயிருக்கும், சாயங்காலம் சிரித்திருப்போம். நான் தோற்கத் தயாராக இல்லை என்று கூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் நீ விரலை இறக்கவில்லை, நாம் தோற்றுத்தான் போனோம். என் பொய்யால் ஒரு ரன் கூடக் கிடைக்கவில்லை. என் பேரில் தோல்வி வரக்கூடாது என்பதற்காக மட்டும் சொன்ன பொய் அது. அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

அதன்பிறகு உனக்கு நடந்ததெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. உன்னை டீமிலிருந்து எடுத்தார்கள். உன் இடக்கைச் சுழல் இல்லாமல் அடுத்த மூன்று வருடம் நாம் அரையிறுதி கூடத் தாண்டவில்லை, இருந்தும் கூப்பிடவில்லை. காலையில் ரப்பர் வெட்டு முடித்து, ஒட்டுப்பால் சாக்கை சைக்கிளில் கட்டிக்கொண்டு நீ சந்தை வழியாகப் போவாய். டீக்கடையில் நிற்பவன் எல்லாம் உன்னைப் பார்த்து ஒரு விரலைத் தூக்குவான். "அளியன் அம்பயர் வாறாரு" என்பான். நீ பெடலை வேகமாகவும் மிதிக்க மாட்டாய், மெதுவாகவும் மிதிக்க மாட்டாய். உன் தங்கை ஓணத்துக்கு வந்தபோது, வெற்றிக் குலையில் பங்கு வந்ததா என்று அவளிடம் கேட்டார்கள். அவள் அழுதுகொண்டு போனாள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் நானும் விரல் தூக்கினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. பெஞ்சில் பத்து பேரோடு உட்கார்ந்திருந்தேன், நீ வந்தாய், எல்லாரும் தூக்கினார்கள், என் கையும் எழும்பியது. நீ அதைப் பார்த்தாய். தலையைக் கொஞ்சம் சாய்த்து, தெரிந்த ஆளைப் பார்த்தால் செய்வாயே, அப்படிச் செய்துவிட்டுப் போனாய். அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஆனால் மறுநாள் அதே கடையில், அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. நீ தூக்கிய விரலால் டூர்ணமெண்டே திருந்தியது. சொந்த ஆளையே அவுட் கொடுக்கிறான், இனி யாரை நம்புவது என்று சண்டை பிடித்து, அடுத்த வருடம் முதல் ஆடாத மூன்றாவது டீமிலிருந்துதான் அம்பயர் என்று முடிவானது. அதற்குப் பிறகுதான் பெருங்கடவிளையிலிருந்தும் கள்ளிக்காட்டிலிருந்தும் நல்ல டீம்கள் துணிந்து வந்தன. இன்று பதினாறு டீம் ஆடுகிறது. அதற்குக் காரணமான நீ ரப்பர் மர நிழலில் சைக்கிளை நிறுத்தி, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போவாய்.

ஆறு வருடம் நாம் பேசவில்லை. பிறகு என் கல்யாணத்துக்கு நீ கூப்பிடாமலே வந்து, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் இறங்கிவிட்டாய். "மாப்பிள, எத்தற பேர் இன்னும் உண்டு?" என்று நீ கேட்டதோடு பேச்சு திரும்பவும் ஆரம்பித்தது. மன்னித்துவிட்டாய் என்று எனக்கு வசதியாக நினைத்துக்கொண்டேன். கேட்காமலே கிடைத்தது என்று சந்தோஷம் வேறு.

இருபத்தைந்தாம் வருடத்துக்கு மலர் போட்டார்கள். சரித்திரம் எழுதினது நான். நான்காம் வருட ஃபைனல் வந்தபோது பேனா நின்றது. கொஞ்ச நேரம்தான். பிறகு "நடுவரின் பிழையான தீர்ப்பால் கைநழுவிய வெற்றி" என்று எழுதி மேலே போனேன். அச்சில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. நீ படிக்க மாட்டாய் என்று நினைத்தேனா, படித்தால் என்ன என்று நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து பஸ் ஸ்டாப்பில் என்னைப் பிடித்தாய். கையில் மலர் சுருட்டி இருந்தது.

"நல்லா எழுதியிருக்க மக்கா," என்றாய். "ஒரு தப்பு மட்டும் உண்டு. அந்த ஃபைனல்ல நீ எடுத்தது முப்பத்தினாலுன்னு போட்டிருக்க. முப்பத்தியொண்ணாக்கும். நான் எண்ணிட்டுல்லா நின்னேன்."

"மாத்திருவோம்," என்றேன்.

"சாரமில்ல. போட்டு," என்றாய், போகட்டும் விடு என்கிற மாதிரி. வெள்ளறடை பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாய். அந்த மூன்று ரன்னை நான் வேண்டுமென்று கூட்டவில்லை, நம்பு. ஆனால் நீ அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

போன வருடம் உனக்கு சிறுநீரகம் கெட்டது என்று கேட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் வந்தேன், பஸ்ஸில் வாக்கியங்களைக் கூட அடுக்கிக்கொண்டேன். நீ கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாய். மாநிலங்களுக்கு இடையிலான போட்டி, கேரளம் ஆடுகிறது. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாய். பேட்ஸ்மேன் ஒரு பந்தைத் தொட்டும் தொடாமலும் விட்டான். "பட்டுது," என்றாய் உடனே. அரை நிமிடம் கழித்துத் திரையில் உரசல் சத்தத்தைக் காட்டுகிற அந்தக் கோடு துடித்தது. நீ சிரித்தாய். கன்னம் ஒட்டிப்போயிருந்தாலும் சிரிப்பு பழைய சிரிப்புத்தான்.

"பாத்தியா, இவன் நின்னுட்டே இருக்கான். இவனுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாய். பிறகு டிவியைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாய்: "சில நேரம் ஆடுறவனுக்கே தெரியாது, இல்லியா மக்கா? கை விறச்சு நிக்கும்போ."

நீ எதைக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்து கேட்ட கேள்வி. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வரப்போவதில்லை. உன் மனைவி கட்டன்சாயா கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். நான் கிளாஸை எடுத்துக்கொண்டேன்.

"ஆமா. தெரியாது," என்றேன். "அன்னைக்கு எனக்கும் தெரியல."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "அதாக்கும்," என்றாய். "அதான் நானும் நினைச்சேன்." இன்னொரு கிளாஸ் சாயா குடிக்கச் சொன்னாய். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். முதல் பொய்யைச் சொன்னபோது எனக்கு இருபத்து நாலு வயது, ஊரே சுற்றி நின்றது. இதை ஐம்பத்தைந்து வயதில், சாகக் கிடக்கிறவனிடம், யாரும் கட்டாயப்படுத்தாமல் சொன்னேன். அதற்குப் பிறகு உன்னைப் பார்க்க இரண்டு முறை பனச்சமூடு வரை வந்தேன். இரண்டு முறையும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை வந்தபோது உன் வீட்டு முற்றத்தில் நீல டார்பாலின் கட்டியிருந்தார்கள்.

இன்று மைக்கைப் பிடித்துச் சொன்னேன். ஹர்த்தால் கதையைச் சொல்லி, மரச்சீனி விளையைச் சொல்லி, அந்த ஃபைனலுக்கு வந்தபோது உன் பேரைச் சொன்னேன். "அந்தத் தீர்ப்பு சரியானது. எனக்கு உரசியது. எனக்கு அப்போதே தெரியும். நான் பொய் சொன்னேன். மலரில் எழுதியதும் பொய்," என்றேன். கல் விழும், குறைந்தபட்சம் யாராவது எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தேன். கை தட்டினார்கள்! முன்வரிசையில் ஒருவன் விசிலடித்தான். அறிவிப்பாளர் மைக்கை வாங்கி, "இதாக்கும் ஸ்போர்ட்ஸ்மேன் ஸ்பிரிட்டு. அண்ணனுக்கு ஒரு பெரிய கையடி குடுங்க," என்றான். உன் பேரைக் கேட்டு யார் அது என்று பக்கத்தில் விசாரித்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். பொன்னாடையைப் போட்டார்கள். தள்ளிவிட எனக்குத் தைரியம் வரவில்லை, குனிந்து வாங்கிக்கொண்டேன்.

கீழே இறங்கியபோது மணியன் நின்றுகொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவன் கை தட்டியிருக்க மாட்டான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"நீங்க இத இப்போ சொல்லாம இருந்திருக்கலாம் அண்ணே," என்றான்.

"எப்பவாவது சொல்லணும்லா மணியா."

"அவன் இருக்கும்போ சொல்லணும். இல்லேன்னா வேண்டாம்." பிறகு சொன்னான்: "நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு சாயங்காலம் நான் அங்க போயிருந்தேன். அவன் எங்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'அளியா, அவனுக்கு உரசினது தெரியவே இல்லியாம். நானாக்கும் இத்தன வருஷம் அவன கள்ளன்னு மனசுக்குள்ள வச்சுட்டு நடந்திருக்கேன். பெரிய பாவம் செஞ்சிட்டேன். அடுத்த தடவ வரும்போ அவன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்'னு சொன்னான். நீங்க வருவியன்னு பாத்துட்டே கிடந்தான். பஸ் சத்தம் கேட்டா, வந்தானா பாருன்னு பெண்டாட்டிய அனுப்புவான்."

மணியன் போய்விட்டான். முதல் பந்து போட்டார்கள், யாரோ கத்தினார்கள், நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ என்னைக் கள்ளன் என்று நினைத்தது சரிதான். உன் காது அன்றைக்கும் தப்பவில்லை, கடைசிவரை தப்பவில்லை. கடைசி மூன்று மாதம் மட்டும் நீ அதைச் சந்தேகப்பட்டாய், அதுவும் நான் சொன்னதால். இனி யாரிடம் போய் நான் மன்னிப்புக் கேட்டாலும், அந்தக் கட்டிலில் கிடந்து பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்து, என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக நீ காத்திருந்தாய் என்பது என்னோடுதான் இருக்கும்.